பட்டிக் கூடையும் குட்டிக் கூடையும்

செய்தி எழுதுகிறவன் முடிவை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுகிறேன்: எனக்குக் காசநோய் வந்தது, ஒன்பது மாதம் மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன், பிழைத்துக்கொண்டேன். இனி வாசிப்பவர்கள் பயப்படாமல் வாசிக்கலாம். அந்த நோயின் பெயரைக் கேட்டாலே கதவைச் சாத்துகிற வீடுகள் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. அங்கே உள்ளே என்னதான் செய்வீர்கள் என்று பலர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் கம்பளி பின்னினோம் என்று சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை.

கோயம்புத்தூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு நான் அப்போது, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற எல்லையோரச் சித்தூரில் நிருபர். எல்லை எங்கே போகும், எந்தத் தாலுகா எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று டீக்கடைதோறும் பேசிக்கொண்டிருந்த காலம். மாலையில் லேசான காய்ச்சல், இரண்டு மாத இருமல். சந்தைத் தூசி என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் தேங்காய் விலையை எழுதிக்கொண்டிருந்தபோது இருமினேன். தாளில் சிவப்பு தெறித்தது. மை என்று நினைத்தேன். ஆனால் என் பேனாவில் இருந்தது நீல மை.

கோயம்புத்தூரில் மார்பைப் படம் எடுத்தார்கள். டாக்டர் படத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் நாலணா அளவுக்கு ஒரு குழி. கிருமி அரித்த இடம் அது என்றார். ஊசி கிருமியைக் கொல்லும். ஆனால் குழி தூர வேண்டுமானால் நுரையீரல் அதிகம் அசையக் கூடாது, அதற்கு ஆள் படுத்தே கிடக்க வேண்டும். இருமும்போது கிருமி வெளியே வரும். பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டும். சின்னக் குழந்தைக்குச் சுலபமாக ஒட்டும்.

என் மனைவி ருக்குமணிக்கு அப்போது ஐந்தாம் மாதம். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏனுங்க டாக்டர், கொழந்த பொறந்தா இவரு எப்பங்க தூக்கலாம்?"

டாக்டர் விரலை மடக்கிச் சொன்னார். மாதம் ஒரு தடவை சளியைச் சோதிப்பார்கள். ஊசிமுனை அளவு சளியைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயம் ஏற்றிப் பார்த்தால், கிருமி இருந்தால் சிவப்புக் குச்சி குச்சியாகத் தெரியும். தொடர்ந்து மூன்று மாதம் ஒரு குச்சிகூடத் தெரியாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தூக்கலாம். நடுவில் ஒரு மாதம் தெரிந்துவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

ஒன்பது மாதமும் என் தலையில் இருந்த கணக்கு அது ஒன்றுதான்.

மே மாதம் ருக்குமணியின் அண்ணன் மாரப்பன் என்னை அழைத்துக்கொண்டு புறப்பட்டார். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னார், மறையூர் என்று பஸ் ஏறிக்கொண்டே போயிற்று. எலப்புள்ளியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற மனிதர்; குளிரையே பார்த்ததில்லை. மறையூர் தாண்டியதும் துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, பேப்பர் வேலையப் பத்தி ரோசன பண்ணாதீங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் எழுதிப் போட்டுக்கறேன்" என்றார்.

"செய்தி எழுதறதுன்னா லேசு இல்லீங்க மச்சான்."

"நடந்தத எழுதோணும், அவ்வளவுதானுங்களே?"

தேங்காய் வியாபாரிக்குக் கடிதம் எழுதியதைத் தவிர அவர் எதையும் எழுதியவரல்ல. என் இடம் பறிபோய்விடக் கூடாது என்பதற்காக அந்த மனிதர் ஒன்பது மாதம் செய்தி எழுதினார். ருக்குமணி வாராவாரம் அதைக் கத்தரித்து எனக்குத் தபாலில் அனுப்பினாள். முதல் வாரச் செய்தி: "சித்தூரில் மழை. நல்ல மழை."

ஆஸ்பத்திரி தேயிலைக்கு நடுவே இருந்தது. எங்கள் வார்டு நீளமான ஒரு வராந்தா. பன்னிரண்டு கட்டில், ஒரு பக்கம் மட்டும் சுவர், மற்ற மூன்று பக்கமும் திரைதான். சுத்தமான காற்று வேண்டும் என்று அப்படிக் கட்டியிருந்தார்கள். காற்றோடு மூடுபனியும் உள்ளே வந்து கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும்.

என் பக்கத்துக் கட்டிலில் சுடலைமுத்து. நாற்பத்தைந்து வயது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. கையெல்லாம் பழைய கத்திக் காயம். குடும்பம் இரண்டு மைல் கீழே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்தது. லயங்கள் கூட்டமாக இருந்த அந்த இடத்தைக் கீழ்ப்பட்டி என்பார்கள். தமிழர்களாகவே வாழ்ந்த இடம். சுடலைமுத்து அங்கே இருபது வருடம் இருந்தும் மலையாளத்தில் பத்து வார்த்தை பழகியிருக்கவில்லை.

வார்டுக்குப் பொறுப்பு சாறாம்மா சிஸ்டர். கோட்டயம் பக்கத்துக்காரர். தமிழ் பேசுவதாக அவர் நம்பிக்கொண்டிருந்தார். சுடலைமுத்து சேர்ந்த அன்றைக்கு, "சுமயுண்டோ?" என்று கேட்டாராம். மலையாளத்தில் சும என்றால் இருமல். இவர் எழுந்து நின்று, "சுமையெல்லாம் தூக்குறதில்ல தாயி. நான் கவ்வாத்துக்காரன்" என்றிருக்கிறார். சிஸ்டர் அட்டையில் 'இருமல் இல்லை' என்று எழுதிவிட்டார். அந்த வரியை அடிப்பதற்குள் அவர் இரண்டு தடவை இருமிக் காட்ட வேண்டியிருந்ததாம்.

காலையில் இடுப்பில் ஊசி. அதைப் போட்டபின் காதுக்குள் சில்வண்டு கத்தும். மாவு உறைக்குள் அடைத்த ஒரு பொடி. விழுங்கினால் வயிற்றைப் புரட்டும். ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அப்புறம் பால், முட்டை, மறுபடி பால். மத்தியானம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை அசையாமல் கிடக்க வேண்டும். பேசக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. வெள்ளிக்கிழமை காலையில் எடை. ஊசியைவிட அந்த மூன்று மணி நேரம்தான் கஷ்டம் என்று நான் சொன்னால் தைரியசாலி என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டு பேரும் அதைத்தான் சொன்னோம்.

இந்த நோயில் ஒரு ஏமாற்று இருக்கிறது. ஊசி ஆரம்பித்துப் பத்து நாளில் காய்ச்சல் விட்டுவிடும், பசிக்கும், சரியாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் குழி அப்படியே இருக்கும். சுடலைமுத்து அப்படித்தான் இரண்டாம் வாரம் மழையில் நடந்து கீழ்ப்பட்டிக்குப் போய்விட்டார். மறுநாள் எஸ்டேட் லாரியில் நூற்றிரண்டு டிகிரிக் காய்ச்சலோடு திரும்பி வந்தார். சிஸ்டர் திட்டவில்லை. அவர் கையில் ஒரு கொக்கி ஊசியையும் கம்பளி நூல் உருண்டையையும் வைத்தார்.

"கை அனங்கியால் கால் அனங்கில்லா" என்றார். கைக்கு வேலை இருந்தால் கால் சும்மா கிடக்கும் என்று பொருள்.

"கவ்வாத்துக் கத்தி புடிச்ச கையில பொம்பளையாளு ஊசியா?" என்று சுடலைமுத்து என்னிடம் முறையிட்டார். எனக்கு இரண்டு நீளப் பின்னல் ஊசி கிடைத்தது. ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரக் குடும்பங்கள் விட்டுவிட்டுப் போன பழைய ஸ்வெட்டர்களைப் பிரித்து, அவித்து, காயவைத்து உருட்டிய நூல் அது. சட்டை பின்ன வேண்டியதில்லை. ஒரு சாணுக்கு ஒரு சாண் சதுரம் போதும். மேட்ரன் அவற்றைச் சேர்த்துத் தைத்துக்கொள்வார். நான் முப்பது கண்ணி போட்டுத் தொடங்கினால் முடிக்கும்போது இருபத்தாறு இருக்கும். நாலு கண்ணி எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. சுடலைமுத்து ஒரே வாரத்தில் வார்டிலேயே நேர்த்தியான கையாகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை எடை பார்த்து முடிந்ததும் சிஸ்டர் இரண்டு மூங்கில் கூடைகளோடு வருவார். பெயரை வாசிப்பார், பின்னால் ஒரு வார்த்தை சொல்வார்.

"தங்கப்பன், குட்டி. சுடலமுத்து, பட்டி. பத்ரக்காரன், பட்டி."

பத்ரக்காரன் என்றால் பத்திரிகைக்காரன், நான்தான். சதுரம் அந்தந்தக் கூடையில் விழும். எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் நீராவியில் வைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் மேட்ரன் ஒரு விதி வைத்திருந்தார்: மூன்று மாதம் கிருமி தெரியாதவர்கள் பின்னியது மட்டும் எஸ்டேட் குழந்தைகளுக்குப் போர்வையாகும். மற்றவர்கள் பின்னியது நாய்களுக்கு. வெள்ளைக்காரர்கள் ஸ்வெட்டரை விட்டதுபோல நாய்களையும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சலவைக் கொட்டகைக்குப் பின்னால் பதினோரு கிழட்டு நாய்களை மேட்ரன் வைத்திருந்தார். சொறி பிடித்து முடி உதிர்ந்தவை. மழைக்காலத்தில் உடுப்பு இல்லாமல் தாங்காது. எங்கள் காதுக்கு அவற்றின் குரைப்பு மட்டும் வரும்.

மலையாளத்தில் பட்டி என்றால் நாய், குட்டி என்றால் குழந்தை. சித்தூரில் வளர்ந்த எனக்கு அது இயல்பாகத் தெரியும். சுடலைமுத்துவுக்கு நேர் எதிர். பட்டி என்றால் அவருடைய கீழ்ப்பட்டி. குட்டி என்றால் கொட்டகையில் குரைக்கிறவை போட்ட குட்டி.

இது எனக்குத் தெரிய வந்தது இரண்டாம் வெள்ளிக்கிழமை. எத்தனை சதுரம் வேண்டும் என்று அவர் சிஸ்டரைக் கேட்டார்.

"பட்டிக்கு பயங்கர தணுப்பாணு. எத்தன கிட்டியாலும் போரா" என்றார் சிஸ்டர். பயங்கரக் குளிர், எத்தனை கிடைத்தாலும் போதாது என்று பொருள்; சுடலைமுத்துவுக்குத் தெரிந்த சில வார்த்தைகளில் தணுப்பும் ஒன்று.

சிஸ்டர் போனதும் சுடலைமுத்து என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "கேட்டீராவே பேப்பர்காரரே? பட்டில குளிருதுன்னு அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எந்தத் தொரைக்காவது தெரிஞ்சுதா இத்தன வருசத்துல?"

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் சிவப்பு நூல் தேடிக்கொண்டிருந்தார். அவர் லயத்தில் ஒன்பது பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சதுரம். மூலையில் சிவப்பு முடிச்சு. ஒரு முடிச்சு அவருடைய கடைக்குட்டி மகன் இசக்கி, இரண்டு முடிச்சு செல்லையா, இப்படி ஒன்பது வரை. கிறிஸ்துமஸுக்குச் சேர்த்து வைத்துக் கொடுப்பார்கள் என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மத்தியான நேரத்தில் கட்டைபோலக் கிடப்பார். எடை வாரம் ஒரு ராத்தல் ஏறியது. ஆஸ்பத்திரி டாக்டர் அவரை மற்றவர்களுக்கு உதாரணம் காட்டினார். ஒரு பிழையைத் திருத்துவதா, ஒரு மனிதனைப் படுக்கவைப்பதா? நான் வாயை மூடிக்கொண்டேன்.

போர்வைக்கு மேலே பார்த்தால் நானும் உதாரணம்தான். போர்வைக்கு உள்ளே ஒரு பென்சில் இருந்தது. மச்சானின் செய்திகளை என்னால் தாங்க முடியவில்லை. "பஞ்சாயத்துக் கூட்டம் நடந்தது. எல்லோரும் பேசினார்கள்" என்று ஒரு செய்தி வந்தால் கை சும்மா இருக்குமா? மத்தியானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, முழங்கையை ஊன்றி, அடுத்த முறை எப்படி எழுத வேண்டும் என்று பக்கம் பக்கமாகத் திருத்தி எழுதி அனுப்பினேன். அவர் ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் சோதனையில் முதல் தடவையாகக் கிருமி இல்லை. அதே மாதக் கடைசியில் மச்சானிடமிருந்து கார்டு வந்தது. "பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். நல்ல மழை." அதைத் திருத்தத் தோன்றவில்லை. சுடலைமுத்து எல்லாக் கட்டிலுக்கும் கேட்கும்படி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். செப்டம்பரிலும் கிருமி இல்லை. இன்னும் ஒரே ஒரு மாதம். ருக்குமணி கடிதத்தில் குழந்தையின் உள்ளங்கையை வைத்து வரைந்து அனுப்பியிருந்தாள். அஞ்சு விரலும் கோணல். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அக்டோபரில் வந்த சீட்டில் 'உண்டு' என்று எழுதியிருந்தது. மறுபடி ஒன்றிலிருந்து. காரணம் இதுதான் என்று டாக்டர் சொல்லவில்லை. என் தலையணையைத் தூக்கிப் பார்த்தார். பென்சிலை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதே வெள்ளிக்கிழமை சிஸ்டர் வாசித்தார்: "பத்ரக்காரன், பட்டி. சுடலமுத்து…" நிமிர்ந்து சிரித்தார். "குட்டி!"

சுடலைமுத்துவின் முகம் சுருங்கிப்போயிற்று. மூன்று சோதனையும் தேறியவர் அவர். நல்ல செய்திதானே என்று சிஸ்டர் வேறு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். மத்தியான மணி அடித்தது. நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பக்கத்தில் துணி சுருட்டும் சத்தம் கேட்டது. திரும்பினேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"எங்கீங்கண்ணா கெளம்பிட்டீங்க?"

"கீழ்ப்பட்டிக்கு. நாய்க்குட்டிக்குப் பின்னுறதுக்கா இங்க கெடக்கேன்? பிள்ளையளுக்குப் பின்னுனவன நாயிகிட்டத் தள்ளிட்டாவ. ஒமக்கு என்னவே, நீரு குடுத்துவச்சவரு. பட்டியிலயே இருக்கீரு."

என் வாழ்க்கையின் மோசமான நாளில் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே மனிதர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவருக்கு ஊசி இன்னும் மூன்று மாதம் மீதி. இந்த மனிதர் மழையில் இறங்கினால் எல்லாம் வீண். சொல்லிவிட்டேன்.

அவர் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"குட்டின்னா?"

"கொழந்தைங்கண்ணா. உங்களுக்குக் கிருமி போயிருச்சு. அதனாலதான் மாத்திட்டாங்க."

"பட்டின்னா?"

"நாயிங்கண்ணா."

கொக்கி ஊசியை எடுத்து மூட்டையில் செருகினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "எம்புட்டு நாளாத் தெரியும் ஒமக்கு?"

"ரெண்டாம் வாரத்துலருந்து."

"ஒம்ம பேப்பர்லயும் இப்படித்தான் எழுதுவீரோ?"

நான் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மூட்டையை அவிழ்க்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. மறுநாள் காலை, நடக்க அனுமதி கிடைத்ததும் முதல் காரியமாக, கொட்டகைப் பக்கம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் காது தொங்கிய ஒரு கிழட்டு நாய். முடியில்லாத உடம்பில் பலநிறச் சதுரங்களாலான கோட்டு. வராந்தாவுக்கு நேரே புல்லில் அதை நிறுத்திவைத்துக் குனிந்து முடிச்சு முடிச்சாக எண்ணினார்.

"இந்தா, இசக்கி முதுகுல இருக்கான். மாரியம்மா வயித்துல. ஏலே செல்லையா, நீ எங்கல போன?" நாயைச் சுற்றி வந்தார். "அடப்பாவி, வாலுகிட்டல்லா போயி உக்காந்திருக்கான்!"

நாய் வாலை ஆட்டியது. செல்லையாவும் ஆடினான். பன்னிரண்டு கட்டிலும் சிரித்தது. சிரிப்பு இருமலாயிற்று; இருமல் மறுபடி சிரிப்பாயிற்று. "மிண்டாதெ கிடக்கணும்!" என்று, பேசாமல் கிடக்கச் சொல்லி அதட்டிக்கொண்டே சிஸ்டர் ஓடிவந்தார். காரணம் தெரிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு அவரும் சிரித்தார்.

சுடலைமுத்து மூட்டையை அவிழ்த்தார். ஒன்பது சதுரத்தையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "நாய்க்குப் போட்ட சோலி அது. இது பிள்ளையளுக்கு. கைய நெருக்கிப் போடணும்." என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியாது. ஆனால் அன்று முதல் என்னைப் பேப்பர்காரரே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். காலையில் திரையை விலக்கியதும், "என்ன பட்டி, முழிச்சாச்சா?" என்பார். மத்தியானம் நான் சற்றுப் புரண்டால், "பட்டி, அசையாதேயும்!" என்று அதட்டுவார். வார்டு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

நான் அசையவில்லை. மச்சானின் செய்தி வந்தால் வாசித்து மடித்து வைத்தேன். "யானை வந்தது. போய்விட்டது" என்ற செய்திகூட என்னை எழுப்பவில்லை. சொல்லப்போனால் அதில் திருத்த என்ன இருக்கிறது? மூன்று மணி நேரமும் கூரையைப் பார்த்துக் கிடந்தேன். மற்ற நேரம் பின்னினேன். நழுவிய கண்ணிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முப்பதில் தொடங்கியது முப்பதிலேயே முடிந்தது. செலவுக்காக மாமனார் வீட்டு நெல்லில் ஒரு பங்கு போயிற்று. அதைப் பற்றி அவர்களில் ஒருவரும் எனக்கு எழுதவில்லை. திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

நவம்பர், இல்லை. டிசம்பர், இல்லை. கிறிஸ்துமஸுக்குக் கீழ்ப்பட்டிப் பிள்ளைகளுக்குப் போர்வை போயிற்று. சுடலைமுத்துவும் வீடு போய்விட்டார். வெள்ளிதோறும் ஊசிக்கு மட்டும் ஏறி வருவார். ஜனவரி இரண்டாம் வெள்ளி அவர் என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் கூடைகளோடு வந்தார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். "பத்ரக்காரன்…" மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது வேண்டுமென்றே செய்தது. "குட்டி."

"போச்சு" என்றார் சுடலைமுத்து. "இனிமே இவர எப்படிக் கூப்பிடுவேன்?"

அடுத்த வெள்ளிக்கிழமை ருக்குமணியும் மச்சானும் வந்தார்கள். எடைப்பலகையை அன்று வெயிலுக்காக வாசற்படி ஓரம் வைத்திருந்தார்கள். நான் வரிசையில் இருந்தேன். ருக்குமணி புல்லைத் தாண்டி வந்தாள். குழந்தையைப் பத்துச் சதுரப் போர்வை ஒன்றில் சுற்றியிருந்தாள். வீட்டில் புதிதாகப் பின்னி, வாசலில் வழிமறித்துச் சுடலைமுத்து கொடுத்தது. பத்தாவது சதுரத்தின் மூலையில் பத்துச் சிவப்பு முடிச்சு.

"ஏனுங்க, நம்மூரு வேக்காட்டுல இந்தக் கம்பளிய என்னங்க பண்றது?" என்றாள். குழந்தையை என் கையில் வைத்தாள்.

ஐந்து மாதக் குழந்தை. கனமாக இருந்தாள். என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தேன். விரல்கள் கோணல் இல்லை. வரைந்தவள் கைதான் நடுங்கியிருக்கிறது.

"பத்ரக்காரன்!" என்று சிஸ்டர் கூப்பிட்டார். "தூக்கம்!" எடை என்று பொருள்.

குழந்தையை யாரிடமும் கொடுக்கத் தோன்றவில்லை. அப்படியே பலகையில் ஏறினேன். மச்சான், "குட்டியோட எடையக் கழிச்சு எழுதோணுமுங்க சிஸ்டர்" என்றார். முதல் தடவையாக ஒரு செய்தியைத் திருத்தப் பார்த்தார்.

சிஸ்டர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுதினார். என் பெயருக்கு நேரே அந்த வாரம் பதினான்கு ராத்தல் கூடியிருந்தது. அவர் அதை அடிக்கவில்லை. நானும் திருத்தச் சொல்லவில்லை.